இரண்டு வெட்டு போட்ட ஸ்பேனர்

சேற்றிலிருந்து வெளியே வந்தபோது அது ஸ்பேனர் என்றே எனக்குத் தெரியவில்லை. ஃபோர்மன் அதை டீசலில் கழுவினார். கைப்பிடியில் அரத்தால் போட்ட இரண்டு வெட்டுகள் தெரிந்ததும் கழுவுவதை நிறுத்திவிட்டார்.

கிள்ளான் கடலோரச் சதுப்பில் விழுந்து பல ஆண்டுகள் புதைந்து கிடந்த விமானப்படைப் பயிற்சி விமானம் அது. ஓட்டிய இளம் லெப்டினன்டின் உடல் அப்போதே கரை ஒதுங்கியது, விமானம் ஒதுங்கவில்லை. 'காரணம் தெரியவில்லை' என்று விசாரணையை முடித்தார்கள். விபத்து விசாரணைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நானும் அதே வாக்கியத்தைப் பலமுறை எழுதியிருக்கிறேன். கண்ணியமான வாக்கியம், யாரையும் கடிக்காது. விமானத்தைத் தோண்டியெடுத்துக் கண்காட்சிக்காகச் சீரமைக்கத் தொடங்கியபோது, பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் சும்மா இருந்த என்னை விதிமுறைகளைப் பார்த்துக்கொள்ளக் கூப்பிட்டார்கள். ஃபோர்மனை யாரும் கூப்பிடவில்லை. இளமையில் அந்த விமானத்தைப் பராமரித்தவர். கேள்விப்பட்டுச் செந்தூலிலிருந்து தானாகவே வந்து நின்றார்.

"சேத்தக் கழுவுறதுக்கும் போராங் எழுதணுமா சார்?" என்று நான் நிரப்பும் படிவங்களைத் தினமும் கிண்டலடித்தவர், அன்று ஸ்பேனரோடு வாலடியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"என்னோடது சார்," என்றார்.

விமானக் கொட்டகையில் ஒவ்வொருவரும் தம் கருவிகளில் தமக்கென்று அடையாள வெட்டுகளைப் போட்டு வைப்பார்கள். மாலையில் எல்லாம் பலகைக்குத் திரும்ப வேண்டும். ஒன்று குறைந்தாலும் விமானம் பறக்கக்கூடாது.

"அன்னிக்கு ஒண்ணு கொறைஞ்சிச்சு. சாக்கடையில விழுந்திருக்கும்னு நெனச்சேன். கடையில அதே மாதிரி ஒண்ணு வாங்கி, அதே வெட்டப் போட்டு மாட்டிட்டேன். கணக்கு சரியாப் போச்சு லா."

விதிப்படி எழுதி மேலே அனுப்பினேன். எனக்கு வேறென்ன தெரியும்? பழைய விவகாரம், நடவடிக்கை தேவையில்லை என்று பதில் வந்தது. ஃபோர்மனுக்கு அந்தப் பதில் போதவில்லை. விமானத்தை ஏற்றி இறக்க வாலுக்குப் போகும் கம்பிகளின் நடுவே கிடந்த அந்த ஸ்பேனர், வானத்திலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டதா, இல்லை விழுந்த வேகத்தில் அங்கே போய்ச் சேர்ந்ததா? அவருக்கு இது ஒன்றுதான் தெரியவேண்டியிருந்தது.

மற்றவர்கள் வண்ணம் பூச அவசரப்பட்டார்கள். அவரோ அந்தக் கம்பிகளையே தேய்த்து, எண்ணெயிட்டு, நாளைக்கே பறக்கப்போகும் விமானத்துக்குச் செய்வதுபோல முறுக்குப் பார்த்துப் பூட்டினார். பிறகு ஒருநாள் ஸ்பேனரை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, "ஏறி உக்காந்து இழுங்க சார்," என்றார்.

விமானி பிடிக்கும் கோலை இழுத்தேன். வந்தது. "வருதுண்ணே!" என்று கத்தினேன். மறுபடி இழுத்தேன், வந்தது. கீழே அவர் சிரிப்பது கேட்டது. "இன்னொரு தடவ." பாதியில் நின்றது, சுவரில் முட்டியதுபோல.

இறங்கி வந்து, இது எதையும் நிரூபிக்காது, எந்த விசாரணையிலும் நிற்காது என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"அந்த லெப்டினன்டுக்கு ஒரு தடவ நின்னாப் போதுமே சார்," என்றார்.

திறப்பு விழாவுக்கு ஃபோர்மன் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. விமானம் பளபளவென்று நிற்கிறது. பிள்ளைகள் ஏறி உட்கார்ந்து கோலை இழுக்கிறார்கள். உள்ளே எதுவும் இல்லை, நானே சோதித்துக் கையெழுத்திட்டிருக்கிறேன். கோல் தடையில்லாமல் வருகிறது. ஆனாலும் அடுத்த பிள்ளை இழுத்து முடிக்கும்வரை என்னால் அங்கிருந்து நகர முடிவதில்லை.