நாலு கண் மாதா

எங்கள் கோயில் பீடத்துக்கு மேலே தொங்கும் மாதா படத்துக்கு நாலு கண். வரைந்தவன் நான்தான். காலை வெயில் பக்கத்து ஜன்னல் வழியாகச் சாய்வாக விழும்போது, கண்களுக்குச் சற்றுக் கீழே இன்னொரு ஜோடிக் கண் புடைத்துத் தெரியும். போன மாதம் கமிட்டிப் பையன்கள் அதைக் கழற்றிவிட்டு ஃப்ளெக்ஸ் மாட்டலாம் என்றார்கள். தொட்டால் கையை ஒடிப்பேன் என்றேன். கிழவனுக்குக் கிறுக்கு என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும்.

எழுபதுகளின் தொடக்கம். தூத்துக்குடிப் பக்கமிருந்து கப்பலேறி இந்தத் தீவுக்கு வந்து, மரைன் ஹில் அடிவாரத்தில் குடியேறிய மீன்பிடிக் குடும்பங்கள் நாங்கள். நான் படகுகளுக்கு நம்பர் எழுதுவேன், கடைகளுக்குப் போர்டு எழுதுவேன். படம் வரைய எனக்குத் தெரிந்த ஒரே வழி காலண்டர். வருஷக் கடைசியில் மெயின்லேண்ட் கப்பலில் வந்து இறங்கும் காலண்டரின் மேல் கட்டம் போட்டு, அதையே பெரிதாக்குவேன். பெங்காலி மிட்டாய்க் கடையின் சரஸ்வதிக்கும் தையல்கடைப் போர்டுப் பெண்ணுக்கும் ஒரே முகம். அது என் கண்ணில் படவே இல்லை. தீவில் இருந்த எல்லாப் பெயிண்டர்களும் அப்படித்தான் செய்தோம்.

கோயிலுக்கு மாதா படம் கேட்டார்கள். நல்ல படாக் மரப் பலகையில் இனாமல் பெயிண்டால் வரைந்தேன். திருவிழாவன்று துணியை விலக்கினார்கள். முன்வரிசையில் இருந்த கருவாட்டுக்கார அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாள்: "எம்மா, இது பலசரக்குக் கடை போர்டு லட்சுமில்லா! சேலைய மாத்திக் கட்டிட்டு வந்துருக்கா." கோயிலே சிரித்தது. பங்குச் சாமியாரும் சிரித்தார். அடுத்த கப்பலில் சிலை வரவழைப்பது என்று கமிட்டித் தலைவர் அங்கேயே முடிவு செய்தார். "நீ போட்டுக்கு நம்பர் எழுதுனாப் போதும்பா" என்றார் என்னிடம். பலகையை வீட்டுச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். இனி பிரஷ்ஷைத் தொடுவதில்லை, வலைக்குப் போகலாம் என்று இருந்தேன்.

அந்த அக்காவின் கணவர், எங்கள் எல்லோருக்கும் மச்சான், விடவில்லை. கடலில் கத்திக் கத்திக் கரையிலும் கத்தியே பேசுகிற மனுஷன். கமிட்டியிடம் போனார். "கிறிஸ்மஸ் வரைக்கும் செவுத்தச் சும்மா விடுங்க. அதுக்குள்ள அவன் ஒழுங்கா வரையலேன்னா, செலைய நானே கப்பல்லேர்ந்து தோள்ல தூக்கிட்டு வாரேன்" என்று சத்தம் போட்டுவிட்டு வந்தார்.

என்னிடமும் கத்தினார். "ஏல மாப்ள, நீ ஒரு நெசப் படத்தக் கண்ணால பாத்துருக்கியா? மெட்ராஸ் மியூசியத்துக்குப் போ. வெயிலுக்கு ஒதுங்க ஒருதரம் நான் போயிருக்கேன். ஒரு பொம்பள படம் இருக்கு. கிட்டப் போனா வெறும் பெயிண்டு, தள்ளி நின்னா உசிரு."

"செத்த காலேஜுக்கா போகச் சொல்றிய?" செத்த மிருகங்களைப் பாடம் பண்ணி வைத்திருப்பதால் மியூசியத்துக்கு அப்படி ஒரு பேர்.

"ஆமாடே பாகல், கிறுக்கா. உசிரோட போயிட்டு வா."

கப்பலின் அடித்தட்டில், பங்க் கிளாஸில், வழியெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டு போனேன். மச்சான் சொன்ன படத்தைக் கண்டுபிடித்தேன். காவலாளி அதட்டும் அளவுக்குக் கிட்டப் போனேன். மச்சான் சொன்னதற்கும் மேலே இருந்தது. வரைந்தவனின் பிரஷ் மயிர் ஒன்று பெயிண்டோடு காய்ந்து ஒட்டிக் கிடந்தது. கன்னத்து நிழலில் கறுப்பே இல்லை, பச்சை இருந்தது. பக்கவாட்டில் நின்று பார்த்தால், ஒரு விரலை முதலில் வேறு இடத்தில் போட்டு, மனம் ஒப்பாமல், மேலேயே திருத்தியிருந்ததும் தெரிந்தது. எனக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை வருஷம் காலண்டர் என்னை ஏமாற்றியிருக்கிறது. அச்சு வழவழவென்று எல்லாவற்றையும் மூடிவிடும். அதைப் பார்த்து வரைகிறவன், பெரிய ஓவியனுக்குத் தப்பே வராது, தனக்குத்தான் வருகிறது என்று நினைத்துச் சாவான். மியூசியம் அழகு பார்க்கிற இடம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இன்னொருவன் எங்கே தடுமாறினான், எப்படி விடாமல் மேலே போனான் என்று வரைகிறவன் போய்ப் பார்க்க வேண்டிய இடம் அது. கையில் இருந்த காசு தீரும்வரை தினமும் போய் அந்தப் படத்தின் முன் நின்றேன்.

திரும்பி வந்து அதே பலகையை எடுத்தேன். சுரண்டவில்லை. லட்சுமியின் மேலேயே, கண்களைச் சற்று உயர்த்தி வரைந்தேன். கட்டம் போடவில்லை. எங்கள் பெண்கள் படகு திரும்பாத நாளில் கரையில் நின்று பார்ப்பார்களே, அந்தப் பார்வைதான் வேண்டும் என்று இருந்தேன். மூன்று தடவை மூக்கு கெட்டது. மூன்று தடவையும் மேலேயே திருத்தினேன்.

கிறிஸ்மஸுக்குத் துணியை விலக்கினார்கள். யாரும் சிரிக்கவில்லை. கருவாட்டுக்கார அக்கா எழுந்து கிட்டே வந்து வெகுநேரம் பார்த்தாள். "இவள நான் எங்கயும் பாத்ததில்ல" என்றாள். பிறகு மெழுகுவர்த்தி ஏற்றினாள். பின்வரிசையிலிருந்து மச்சான், "செல ஆர்டர் கேன்சல்!" என்று கத்தினார். சாமியார் முறைத்தார்.

மச்சான் இப்போது இல்லை. ஃப்ளெக்ஸ் கேட்ட கமிட்டிப் பையன்களில் ஒருவன் போனை நீட்டி, "பெரியப்பா, உலகத்து மியூசியம் எல்லாம் இதுக்குள்ள இருக்கு" என்றான். அவன் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்க் கோயில் ஜன்னல் பக்கம் நிறுத்தினேன்.

"ஐயோ, நாலு கண்ணு! தப்பு அப்பிடியே தெரியுதே பெரியப்பா."

"தெரியட்டும்டா. உன் போன்ல இது தெரியுமா?"

அவன் போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு இன்னும் கிட்டே போய்ப் பார்த்தான். நான் வீட்டுக்குப் போய்ச் சுத்தியலை எடுத்து வந்து, பலகைக்கு இன்னும் நாலு ஆணி அடித்தேன்.