ஒயர் வைத்த பிள்ளையார்

எனக்கு என் ஓர்ப்படியின் மேல் பொறாமை. அவள் என் கொழுந்தனின் மனைவி, என்னைவிட எட்டு வயது சின்னவள். காட்டுப்பாக்கத்தில் ஒரே வீட்டில் மாடியில் அவர்கள், கீழே நாங்கள். பொறாமை இல்லை, சின்ன ஆதங்கம்தான் என்று மழுப்பலாம். மழுப்ப எனக்கு வராது. அவள் குழம்பு வைத்தால் மாமியார் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுவார். நான் வைத்தால் "உப்பு சரியா கீது" என்பார். உப்பு சரியாக இருப்பதெல்லாம் ஒரு பாராட்டா?

மாமியார் படுப்பது கீழே எங்களோடு. பகலெல்லாம் மேலே. நான் காலை ஏழு மணிக்கே அம்பத்தூர் எஸ்டேட்டுக்குக் கிளம்பிவிடுவேன். அங்கே ஸ்பிரிங் செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் எனக்குத் தர ஆய்வு வேலை. எது எப்போது உடையும் என்று நாள் முழுக்க யோசிப்பதற்குத்தான் சம்பளம். திரும்பி வரும்போது மாடியிலிருந்து இரண்டு பேரின் சிரிப்புச் சத்தம் கேட்கும். நான் படியேறினால் சிரிப்பு நின்றுவிடும். என்னைப் பார்த்துத்தான் நிறுத்தினார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நிற்கும்.

இரண்டு வருடத்துக்கு முன் அவர்கள் புது கார் வாங்கினார்கள். வெள்ளை நிறம், சீட்டின் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத புதுசு. மாமியார் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார், பூசணிக்காய் உடைத்தார், கற்பூரம் சுற்றினார். அதோடு விடாமல் பூந்தமல்லிக்குப் போய்த் தன் பணத்தில் ஒரு பிள்ளையார் வாங்கி வந்தார். டேஷ்போர்டில் ஒட்டுகிற சின்னப் பிள்ளையார், தலைக்குப் பின்னால் சிவப்பாக வெளிச்சம் வரும். அன்று முதல் அந்த வண்டியின் முன் சீட்டு மாமியாருடையது. மாதாமாதம் கண் ஆஸ்பத்திரிக்குப் போவது அதில்தான்.

போன ஆவணியில் நானும் வண்டி வாங்கினேன். பழைய வண்டி. அஞ்சு வருடம் ஓடியது, சாம்பல் நிறம். ரெண்டு பஸ் மாறிப் போய் வந்தது போதும் என்று ஓட்டக் கற்றுக்கொண்டு, என் சேமிப்பைப் போட்டு வாங்கியது. என் வீட்டுக்காரருக்கு ஸ்டியரிங்கைப் பிடித்தாலே கை நடுங்கும். அதனால் இது முழுக்க முழுக்க என் வண்டி. வாசலில் கொண்டு வந்து நிறுத்தியபோது என் கையில் நாலு எலுமிச்சம்பழம் தயாராக இருந்தது. மாமியார் வெளியே வந்து வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்.

"பழைய வண்டிதானே? வாங்கினவங்க அப்பவே பூசை போட்டிருப்பாங்க. திருப்பித் திருப்பி எதுக்கு?" என்றார். உள்ளே போய்விட்டார்.

அந்த நாலு பழத்தையும் ஊறுகாய் போட்டேன். அந்த ஊறுகாயை நான் தொடவில்லை.

அடுத்த நாள் வண்டி விற்ற ஷோரூமிலிருந்து போன் வந்தது. பழைய வண்டிகளைத் துடைத்துப் பாலிஷ் போட்டு விற்கிற இடம், எங்கள் ரோட்டிலேயே கொஞ்சம் தள்ளி. "மேடம், எக்ஸ்டெண்டட் வாரண்டி பத்தி யோசிச்சீங்களா? டெலிவரி எடுத்து ஏழு நாளைக்குள்ள எடுத்துக்கணும். ரெண்டு வருஷத்துக்கு இன்ஜின், கியர் பாக்ஸ், எலக்ட்ரிகல் எல்லாம் வந்துடும்."

"கிளட்ச்?"

"தேய்மானம் வராது மேடம். டயர், பேட்டரி, பிரேக் பேடு, கிளட்ச் பிளேட்டு எல்லாம் கஸ்டமர் செலவு."

அதாவது அடிக்கடி போவதெல்லாம் என் செலவு, எப்போதாவது போவது அவர்கள் செலவு. என் வேலைக்கு இது புரியாத கணக்கில்லை. வீட்டுக்காரர் "அதுக்குக் குடுக்கிற பணத்துல நாலு தடவை சர்வீஸ் பண்ணலாம்" என்றார். அவர் சொன்னதும் சரிதான். ஆனால் காட்டுப்பாக்கத்தில் ஒரு மழை அடித்தால் எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். ஷீட் போட்ட இடத்தில் வெள்ளைக் கார் நிற்பதால் என்னுடையது தெருவில், கால்வாய் ஓரம். அந்த ஈரத்தில் முதலில் போவது ஒயரிங். இந்த வண்டிகளில் ஒயரிங்கும் அதன் கம்ப்யூட்டர் பெட்டியும் போனால் பழுது பார்க்கிறவர் சொல்கிற தொகையைக் கேட்டதும் நாம் உட்கார இடம் தேட வேண்டும். வேறு யாருக்கு எப்படியோ, என் தெருவுக்கு அந்த வாரண்டி தேவை. யோசித்துத்தான் இந்த முடிவுக்கு வந்தேன்.

யோசனையோடு இன்னொன்றும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஓர்ப்படி எதற்கெடுத்தாலும் "எங்க வண்டிக்கு வாரண்டி இருக்குக்கா" என்பாள். டயரில் காற்று இறங்கினாலும் வாரண்டி என்பாள். நானும் ஒரு தடவை அவள் முகத்துக்கு நேராக அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டும். அந்த ஆசை எனக்கு இருந்தது.

எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். சனிக்கிழமை காலை ஆள் வந்து வண்டியைச் சோதிப்பார், பிறகு பணம் கட்டலாம் என்றான் அந்தப் பையன். "ஒண்ணு மட்டும் மேடம். வெளியில குடுத்து ஒயர் கட் பண்ணி எதுவும் மாட்டிடாதீங்க. ஹாரன், லைட்டு, சாமி லைட்டு எதுவா இருந்தாலும். ஒயர்ல டேப் சுத்தியிருந்தா வாரண்டி கிடையாது. புது வண்டிக்கே அப்படித்தான், கம்பெனியில எலக்ட்ரிகல் தர மாட்டான்."

சாமி லைட்டு. புது வண்டிக்கே.

போனை வைத்துவிட்டு ஜன்னல் வழியாக வெள்ளைக் காரைப் பார்த்தேன். டேஷ்போர்டில் பிள்ளையார் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தார். அப்படியென்றால் அவளுக்கு இரண்டு வருடமாக வாரண்டி இல்லை! ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள், இல்லாத வாரண்டியை. போய்ச் சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. அன்று ராத்திரி எனக்கு நல்ல தூக்கம்.

யாரிடமும் வாய் திறக்கவில்லை. சனிக்கிழமை வாரண்டி பேப்பர் கைக்கு வந்ததும் நேரே மாடிக்குப் போய் அவளிடம்தான் முதலில் சொல்வதாக இருந்தேன். மாமியாருக்கு முன்கூட்டிச் சொன்னால் அடுத்த நிமிஷம் அது மாடிக்குப் போய்விடும். என் வாயால் சொல்கிற சுகம் போய்விடும். அதனால் மாமியாரிடமும் மூச்சு விடவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வந்தேன். மாமியார் கூடத்தில் உட்கார்ந்திருந்தார், மடியில் ஒரு சின்ன அட்டைப் பெட்டி. "இந்தா, பிரிச்சுப் பாரு" என்றார்.

பிள்ளையார். அவளுடையதைவிடக் கொஞ்சம் பெரியவர். பின்னால் வட்டமாக லைட்டு, அடியிலிருந்து நீளமாக இரண்டு ஒயர்.

"பஸ் புடிச்சுப் போயி வாங்கியாந்தேன். ஒயர் வெச்சது. பிரேக்கு போட்டா பளிச்சுனு எரியுமாம், கடைக்காரன் சொன்னான். நாளைக்கே மாட்டிடு. அன்னிக்கு நான் பூசை வாணாம்னு சொன்னது மனசுக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இருபது வருடத்தில் எனக்கென்று அவர் கடைக்குப் போய் வாங்கி வந்த பொருள் என்று எதையும் என்னால் நினைவுபடுத்த முடியவில்லை. கண் சரியாகத் தெரியாமல் பஸ் பிடித்துப் போயிருக்கிறார். எனக்காக. அவளுடையதைவிடப் பெரிய பிள்ளையார்.

ராத்திரி கொஞ்ச நேரம் புரண்டேன். ஒரு வாரம் கழித்து மாட்டலாமா என்றுகூட யோசித்தேன். அப்போது மட்டும் வாரண்டி நிற்குமா? அதோடு நாளை சாயங்காலத்துக்குள் மாமியார் வண்டியைத்தான் வந்து பார்ப்பார். அங்கே பிள்ளையார் இல்லையென்றால் முகம் சுருங்கும். அந்த முகத்தோடு மாடிக்குப் போவார். என்ன காரணம் என்று அங்கே கேட்பார்கள். அது மட்டும் நடக்கக் கூடாது. மேலும், அவளுக்கும் வாரண்டி இல்லை, எனக்கும் இல்லை, பிள்ளையார் மட்டும் என்னுடையது பெரியது. இந்த நியாயம் ராத்திரியில் ரொம்பச் சரியாகப் பட்டது.

காலையில் ஷோரூமுக்குப் போன் செய்து ஆளை அனுப்ப வேண்டாம் என்றேன். வண்டியை குமணன்சாவடி பக்கம் ஒரு எலக்ட்ரீஷியனிடம் கொண்டு போனேன். அவர் டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டு, பிரேக் லைட் ஒயரைப் பல்லால் சீவி முறுக்கினார்.

"வாரண்டி கிராண்டி ஏதாச்சும் கீதாக்கா?"

"இல்லை."

"நல்லதாப் போச்சு. நம்ம கைதான் வாரண்டி. இன்னா ஆனாலும் இங்க வந்துடு" என்று கறுப்பு டேப்பைச் சுற்றினார்.

அந்த இரண்டு மாதம் எனக்குப் பொற்காலம். மாமியார் ஒரே ஒரு தடவை, பக்கத்துக் கோவில்வரை, என் வண்டியின் முன் சீட்டில் வந்தார். சிக்னலில் பிரேக் போட்டேன். பிள்ளையார் பளிச்சென்று எரிந்தார். "நல்லா கீது" என்றார். மாடியிலிருந்து "வாரண்டி இருக்குக்கா" என்று கேட்கும்போதெல்லாம் எனக்குள் சிரித்துக்கொண்டேன். பாவம் என்றுகூட ஒரு தடவை நினைத்தேன்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் வேலையிலிருந்து திரும்பும்போது வானகரம் அருகே வைப்பர் நின்றது. பிறகு ஜன்னல் ஏறவில்லை. பிறகு ஏதோ கருகுகிற வாசனை. டேப் சுற்றிய இடத்தில் ஈரம் இறங்கி ஒயரிங் எரிந்திருந்தது. கம்ப்யூட்டர் பெட்டியும் சேர்ந்து போயிருந்தது. "நம்ம கைதான் வாரண்டி" என்றவர் பார்த்துவிட்டு, "இது பெரிய எடத்துலதான்க்கா பாக்கணும்" என்று கையைத் துடைத்துக்கொண்டார். இரண்டு மாதச் சம்பளம் போனது. போகட்டும், அவளுக்கும் ஒரு நாள் இதே கதைதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அசிங்கமான ஆறுதல்தான். ஆனால் வேலை செய்தது.

வண்டி பட்டறையில் இருந்தபோதே மாமியாரின் ஆஸ்பத்திரி நாள் வந்தது. எனக்கும் அன்று லீவு. மூன்று பேரும் வெள்ளைக் காரில் போனோம். ஓர்ப்படி ஓட்டினாள், மாமியார் முன்னால், நான் பின்னால். பூந்தமல்லி ரோட்டில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. டேஷ்போர்டில் பிள்ளையாரின் வெளிச்சம் மங்கி மங்கி வந்து அணைந்தது.

"அத்தே, செல்லு தீந்துடுச்சு" என்றாள் ஓர்ப்படி, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மாமியார் தன் கைப்பையைத் திறந்தார். உள்ளே ஒரு அட்டையில் வரிசையாகச் சின்னச் சின்ன வட்ட செல்கள். ஒன்றைக் கிழித்து எடுத்தார். பிள்ளையாரை ஒட்டிய இடத்திலிருந்து பெயர்த்து, அடி மூடியை நகத்தால் நெம்பி, பழைய செல்லைத் தட்டி எடுத்துப் புதுசைப் போட்டார். கண் தெரியாது என்று ஆஸ்பத்திரிக்குப் போகிறவர், பார்க்காமலே தடவித் தடவிச் செய்தார். பிள்ளையார் எரிந்தார். அதற்கு ஒயரே இல்லை.

"இது செல்லுல எரியறதா?" என்றேன்.

"ஆமாக்கா. ஒயர் கட் பண்ணா வாரண்டி போயிடும்னு அப்பவே அத்தைகிட்ட சொல்லிட்டேன்" என்றாள் அவள்.

"மாசத்துக்கு ஒண்ணு நான்தான் மாத்திக் குடுக்கறேன்" என்றார் மாமியார். பிறகு பாதி திரும்பி என்னைப் பார்த்தார். "உனக்கு ஒயர் வெச்சதே இருக்கட்டும்னுதான் வாங்கினேன். உன் வண்டிக்கு வாரண்டி கீரண்டின்னு நீ எதுவும் சொல்லலியே. சொல்லியிருந்தா உனக்கும் செல்லு போட்டதே வாங்கியாந்திருப்பேன்."

ஓர்ப்படி கண்ணாடியில் ஒரு முறை என்னைப் பார்த்துவிட்டு ரோட்டைப் பார்த்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வாரண்டியை விட்டதுகூட எனக்கு அவ்வளவு உறைக்கவில்லை. என்னுடையதும் செல் போட்டதாக இருந்திருந்தால், மாதம் ஒரு முறை, கைப்பையைத் திறந்து செல் எடுக்க, அவர் என் வண்டியிலும் ஏறி உட்கார்ந்திருப்பார். இப்போது அவருக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. என் பிள்ளையாருக்குத்தான் செல்லே வேண்டாமே.