அலுமாரிக்கு மேலே கிடந்த சேர்வர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த மாதிரிக் கதைகளை நம்புகிற ஆள் நானில்லை. ஜின் உண்டு என்பது எங்கள் ஈமான், அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் அது புத்தளத்துக்கு வந்து, மூன்று மாடி ஏறி, எங்கள் ஒபிஸில் இன்டர்நெட் வேலை பார்க்கும் என்று யாராவது சொல்லியிருந்தால், "போங்க, உங்களுக்கு வேற வேல இல்ல" என்று கதவைச் சாத்தியிருப்பேன். நான் படித்தது கொம்பியூட்டர். ஒன்று நடந்தால் அதற்குக் காரணம் இருக்கும், அந்தக் காரணம் மெஷினின் பதிவில் எங்கேயாவது எழுதியிருக்கும், அவ்வளவுதான். நீங்களும் இப்போது முகத்தை அப்படித்தான் வைத்திருக்கிறீர்கள், வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் இது ராத்திரிக் கதையில்லை. பட்டப்பகல், வெள்ளிக்கிழமை, ஜும்ஆ நேரம்.

எங்களுடையது சின்னக் கொம்பனி. புத்தளம், கற்பிட்டிப் பக்கம், வண்ணாத்திவில்லு வரைக்கும் டவர் போட்டு வீடுகளுக்கு இன்டர்நெட் கொடுக்கிறோம். நீங்கள் போனில் ஒரு பெயரைத் தட்டினால், அந்தப் பெயர் எந்த இலக்கத்தில் குடியிருக்கிறது என்று சொல்ல ஒரு மெஷின் வேண்டும், அதற்குப் பெயர் நேம் சேர்வர். த்ரீவீல் ஸ்டாண்டில் போய் இன்னாருடைய வீடு எங்கே என்று கேட்டால் கையைக் காட்டுவார்களே, அந்த வேலைதான். கையைத் தவறாகக் காட்டினால் நீங்கள் கள்ளன் வீட்டில் போய் உட்கார்ந்து பாஸ்வேட்டையெல்லாம் ஒப்புவித்துவிட்டு வருவீர்கள். அதனால்தான் அந்த மென்பொருளில் ஓட்டை கண்டுபிடித்தால், எழுதியவர்கள் அதை அடைக்க உடனே பேட்ச் விடுவார்கள், நாங்களும் உடனே போட வேண்டும். அடுத்த மாதம் பார்ப்போம், நோன்பு முடியட்டும் என்ற கதைக்கே இடமில்லை.

பேட்ச் போட்டால் சேர்வரைக் கொஞ்ச நேரம் நிறுத்த வேண்டும். எப்போது நிறுத்துவது? அதற்கு நேரம் கண்டுபிடித்தவர் அன்சலம் அண்ணன், எனக்கு மூத்த டெக்னீஷியன், கற்பிட்டிப் பக்கத்துக் கத்தோலிக்கர். வெள்ளி பன்னிரண்டேகாலானால் ஊரில் ஷட்டர் இறங்கும், ஆண்கள் எல்லாரும் ஜும்ஆவுக்குப் பள்ளிவாசலில், போன்கள் சத்தமில்லாமல் சட்டைப் பைக்குள், எங்கள் திரையில் பாவனைக் கோடு தரையில் படுத்துவிடும். ஒபிஸில் மிஞ்சுவது அவரும் நானும். "எல்லாரும் தொழுதிட்டு வரட்டும் தங்கச்சி, நாம மெஷினக் கழுவிப்போட்டு இருப்பம்" என்பார். உலகமெல்லாம் நடுச்சாமத்தில் செய்கிற வேலையை நாங்கள் மட்டும் ஜும்ஆவுக்குச் செய்துவந்தோம்.

எங்களிடம் இரண்டு நேம் சேர்வர். மெயின் புத்தளம் ஒபிஸில், செகண்ட் குறிஞ்சிப்பிட்டி டவருக்குக் கீழே ஒரு சின்ன அறையில். வீடுகளில் உள்ள ரவுட்டர்களில் இரண்டின் இலக்கமும் போட்டிருக்கும். மெயின் பேசாவிட்டால் ரவுட்டர் செகண்டிடம் கேட்கும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். நேம் சேர்வரிடம் "நீ எந்தப் பதிப்பு?" என்று கேட்கலாம், அது தன் பதிப்பு இலக்கத்தைச் சொல்லும். கள்ளனும் கேட்பான், பழைய பதிப்பென்று தெரிந்தால் ஓட்டை எதுவென்றும் அவனுக்குத் தெரிந்துவிடும். அதனால் இலக்கத்தை மறைத்து வேறு ஏதாவது எழுதி வைப்போம். அன்சலம் அண்ணன் செகண்டில் எழுதி வைத்தது, "பாண் வாங்கப் போயிட்டன்". எவன் கேட்டாலும் பேக்கரிக்குப் போன கதைதான் பதில். நானும் அவரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம்.

அந்த மனுசனை வேலையை விட்டு எப்படி அனுப்பினார்கள் தெரியுமா? முதலாளியின் மருமகன் றிஸ்வான் மேனேஜராக வந்து மூன்று மாதம். ஒரு வெள்ளி நானும் அண்ணனும் குறிஞ்சிப்பிட்டி அறையில் செகண்டுக்குப் பேட்ச் போட்டுக்கொண்டிருக்கிறோம். அன்றைக்கு மேனேஜர் பள்ளிக்குப் போகாமல் கொழும்பிலுள்ள யாருடனோ வீடியோவில் பேசிக்கொண்டிருந்தாராம், லைன் இரண்டு தரம் விக்கிவிட்டதாம், எங்கள் வேலைதான் காரணமாம். போனை எடுத்துக் கத்தினார் பாருங்கள், சுவரெல்லாம் கேட்டிருக்கும். அண்ணன் கெஞ்சினார். "அரை மணித்தியாலம் தாங்க சேர், பாதியில நிக்கிது." "நீ இனி வரத் தேவல்ல. பர்ஹானா, அந்த வயரக் கழட்டி மெஷினக் கொண்டு வா. ரெண்டு மெஷின் என்னத்துக்கு?" திரையில் அறுபத்திரண்டு வீதம் என்று நின்றது. அண்ணன் கதிரையை விட்டு எழும்பி வெளியே போனார். வயரைப் பிடுங்கியது நான். என் கையால்தான் பிடுங்கினேன், அதற்கு யாரையும் குற்றம் சொல்ல மாட்டேன்.

பாதியில் பிடுங்கிய மெஷின் பிறகு எழும்பவேயில்லை. கடற்காற்றில் உள்பலகையும் பச்சை பூத்துக் கிடந்தது. ஹார்ட் டிஸ்க்கில் வாடிக்கையாளர் விபரம் இருக்கும் என்று அதைக் கழற்றி நானே சுத்தியலால் அடித்து நொறுக்கினேன், மெஷினின் வெறும் இரும்புக் கூட்டை ஒபிஸ் அலுமாரிக்கு மேலே தூக்கி வைத்தேன். வீட்டு ரவுட்டர்களில் செகண்டின் இலக்கம் அப்படியே இருந்தது. அதை எடுக்க வேண்டும் என்று சொன்னால், "ஓடுதுதானே, ஏன் நோண்டுற?" இந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான் அந்த ஆள் கொம்பனி நடத்துகிறார்.

பிறகு இரண்டு வருஷம் கழித்துத்தான் அந்தப் பெரிய ஓட்டை வந்தது. வெளியே இருக்கிற ஒருவன் பொய்ப் பதிலை முந்திக்கொண்டு நுழைத்தால், எங்கள் மெயின் அதை மெய்யென்று மனதில் வைத்து எல்லாருக்கும் சொல்லும். அறிவித்தல் வந்த அன்றைக்கே பேட்சும் வந்துவிட்டது. அச்சடித்துக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். "லைன் ஒரு நிமிஷம் நிண்டாலும் திங்கக்கிழமை நீ வராத" என்றார். மூன்று வெள்ளி கேட்டேன், மூன்று வெள்ளியும் அதே பதில்.

நான்காவது கிழமை ஸ்டெல்லா டீச்சர் வந்தார். குறிஞ்சிப்பிட்டியில் படிப்பிக்கிறவர், எங்கள் வாடிக்கையாளர். வழக்கமாகத் திறக்கிற மெயில் பக்கத்தைத்தான் திறந்திருக்கிறார், பாஸ்வேட் கொடுத்திருக்கிறார், அது கள்ளப் பக்கம். பிறகு அவர் பெயரில் பிள்ளைகளின் வீடுகளுக்கெல்லாம் வாயால் சொல்ல முடியாத கடிதங்கள் போயிருக்கின்றன. "நான் ஒண்டையும் அமத்தயில்ல தங்கச்சி, எப்பவும் போற பக்கம்தான்" என்று அழுகிறார். மேனேஜர் என்ன சொன்னார் தெரியுமா? "கண்டதையும் பாத்தா இப்படித்தான் டீச்சர்." என் முன்னாலேயே சொன்னார். எனக்குக் கோபம் உச்சியில் ஏறிவிட்டது. கையைக் காட்டிக் கள்ளன் வீட்டுக்கு அனுப்பியது எங்கள் மெஷின், பழி அந்த மனுசிக்கு. அவர் ஒபிஸை விட்டு இறங்கும்போது முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு போனார்.

அடுத்த வெள்ளி பன்னிரண்டு இருபதுக்கு மேனேஜர் பள்ளிக்குப் போனதும் கதவைப் பூட்டிவிட்டு உட்கார்ந்தேன். பிஸ்மி சொல்லி மெயினை நிறுத்தினேன், பேட்ச் போட்டேன். திருப்பி எழுப்பினால் எழும்பவில்லை. மறுபடி எழுப்பினேன், இல்லை. அமைப்புக் கோப்பில் எங்கேயோ ஒரு வரி புதிய பதிப்புக்குப் பிடிக்கவில்லை, எந்த வரியென்று அது சொல்லவுமில்லை. பன்னிரண்டு நாற்பது, ஒரு மணி, வேலை போனது போனதுதான் என்று மனம் சொல்கிறது. ஒன்றேகாலுக்கு ஜும்ஆ கலையும், ஆயிரம் போன்கள் ஒரேயடியாக எழும்பும், அதோடு என் கதை முடியும்.

ஒன்று பதினைந்தும் வந்தது, பள்ளியும் கலைந்தது, கீழே மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கிறது. ஆனால் ஒபிஸ் போன் அடிக்கவில்லை. சாதாரணமாக இரண்டு நிமிஷம் நின்றாலே வண்ணாத்திவில்லிலிருந்து ஒருவர் கோல் எடுத்து ஏசுவார், அவர்கூட இல்லை. என் போனை எடுத்து எங்கள் லைனிலேயே ஒரு பக்கத்தைத் தட்டினேன், திறந்தது. இன்னொன்று தட்டினேன், அதுவும் திறந்தது. மெயின் என் கண்ணுக்கு முன்னால் செத்துக் கிடக்கிறது, அப்படியென்றால் பெயரெல்லாம் யார் சொல்வது? பார்த்தேன். செகண்டின் இலக்கம். கேட்கிற ஒவ்வொரு கேள்விக்கும் அந்த இலக்கத்திலிருந்து பதில் வந்துகொண்டிருந்தது.

தலையை உயர்த்தி அலுமாரிக்கு மேலே பார்த்தேன். கூடு அங்கேதான் இருந்தது, வயரில்லை, டிஸ்க் இல்லை, ஒரு பல்லி மட்டும் அதன் மேலே உட்கார்ந்திருந்தது. நம்பினால் நம்புங்கள், எனக்கு முதலில் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. எவனோ கள்ளன் அந்த இலக்கத்தைப் பிடித்துவிட்டான் என்றுதானே நீங்களும் நினைக்கிறீர்கள்? நானும் அதைத்தான் நினைத்தேன். கள்ளனென்றால் பொய் சொல்ல வேண்டுமே. டீச்சருடைய மெயில் பக்கத்தைக் கேட்டேன், சரியான பதில். பேங்க்கைக் கேட்டேன், சரி. நாற்பது, ஐம்பது பெயர் கேட்டேன், ஒன்றுகூடப் பிழையில்லை. கடைசியில் "நீ எந்தப் பதிப்பு?" என்று கேட்டேன். பாண் வாங்கப் போயிட்டன் என்று வரவில்லை. ஒரு இலக்கம் வந்தது. நான் மெயினுக்குப் போட முடியாமல் முக்கிக்கொண்டிருக்கிற அதே பேட்சின் இலக்கம், எழுத்துக்கு எழுத்து.

அப்போதுதான் பயம் வந்தது, யா அல்லாஹ். உயிரோடு இருக்கிற மேனேஜர் நான்கு கிழமையாக விடாத பேட்சை, சுத்தியலால் அடித்த ஒரு மெஷின் போட்டுக்கொண்டு நிற்கிறது. பிழையான வரியும் அந்நேரம்தான் கண்ணில் பட்டது, எப்போதோ நானே எழுதிய வரி. அழித்தேன், மெயின் எழும்பியது. அதே விநாடி செகண்ட் அடங்கிவிட்டது. திரும்பத் திரும்பக் கேட்டேன், ஒரு பதிலும் இல்லை.

மேனேஜர் அத்தர் மணக்க வந்து, "பாத்தியா புள்ள, ஓடுது. பேட்ச் பேட்ச் எண்டு என்ன பாடு படுத்தின" என்றார். மறுநாள் பஸ் ஏறிக் குறிஞ்சிப்பிட்டிக்குப் போய் அந்த அறையைத் திறந்து பார்த்தேன். வெறும் தட்டு, தூசி, தொங்குகிற வயர். அங்கிருந்து நேரே ஸ்டெல்லா டீச்சர் வீட்டுக்கு நடந்தேன். பிழை உங்களுடையதல்ல, எங்கள் சேர்வருடையது என்று என் பெயரும் கையெழுத்தும் போட்டு எழுதிக் கொடுத்தேன். அவர் அதைப் பள்ளிக்கூட நோட்டீஸ் பலகையில் ஒட்டினார். அதற்கு எனக்குக் கிடைத்தது இறுதி எச்சரிக்கைக் கடிதம். அந்தக் கடிதத்திலேயே, "நிர்வாகத்தின் முன்யோசனையால் சேர்வர்கள் பாதுகாக்கப்பட்டுள்ளன" என்று ஒரு வரி. வெட்கமில்லாமல் எழுதியிருந்தார்.

அன்சலம் அண்ணன் இப்போது கட்டாரில். போன் எடுத்துச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.

"பாண் வரி வரயில்லயா தங்கச்சி? நல்லா பாத்தியா?"

"இல்ல அண்ணன். இலக்கம்தான் வந்திச்சி."

"அப்டேட் முழுசா முடிஞ்சாத்தான் அந்த வரி அழியும். ஒவ்வொரு தரமும் நான்தான் கையால திருப்பி எழுதுவன். அப்ப அது... அண்டைக்கு நாம பாதியில விட்டத முடிச்சிட்டு, இந்தப் பேட்சயும் தானே போட்டிருக்கு."

அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளியும் ஜும்ஆ நேரம் அந்த இலக்கத்தைக் கூப்பிட்டுக் கேட்கிறேன். ஒன்றரை வருஷம், ஒரு பதிலுமில்லை. நானும் மறந்துவிடலாம் என்றுதான் இருந்தேன், உங்களிடம் இதைச் சொல்லியே இருக்க மாட்டேன். போன வெள்ளி வழக்கம்போலக் கேட்டேன், உடனே பதில் வந்தது. "பாண் வாங்கப் போயிட்டன்."

அன்சலம் அண்ணனுக்குப் போன் அடித்தேன், தான் அதைத் தொடவில்லை என்றார், கட்டாரிலிருந்து தொட வழியுமில்லை. அந்த வரி தானாக வராது, யாராவது கையால் எழுத வேண்டும். அதை எழுதுவதும் ஒரே ஒரு காரணத்துக்குத்தான், கள்ளன் கேட்டுக்கொண்டிருந்தால். என்னிடம் ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் மறைக்காத இலக்கத்தை இப்போது யாருக்குப் பயந்து மறைக்கிறது? எங்கள் மெயினுக்குள் ஏற்கனவே எவனாவது வந்து உட்கார்ந்திருக்கிறானா? மெயினை நிறுத்தி முழுதாகச் சோதிக்க ஒரு மணித்தியாலம் கேட்டேன். மேனேஜர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஓடுதுதானே" என்றார்.

நாளைக்கு வெள்ளிக்கிழமை. அவர் பன்னிரண்டு இருபதுக்குப் பள்ளிக்குப் போவார், நான் கதவைப் பூட்டுவேன். இறுதி எச்சரிக்கைக்குப் பிறகு இன்னொரு கடிதம் கிடையாது என்று எனக்குத் தெரியும். மெயினை நிறுத்துகிற அந்த ஒரு மணித்தியாலம் ஊருக்கெல்லாம் யார் பதில் சொல்லப் போகிறார்கள் என்பதுதான் எனக்குத் தெரியாது. இன்று பின்னேரம் ஒபிஸை விட்டு இறங்குவதற்கு முன்னால் அலுமாரிக்கு மேலே எட்டிப் பார்த்தேன். தூசியில் அந்தக் கூட்டின் நாலு கால் பதிந்த அடையாளம் மட்டும் இருக்கிறது, கூட்டைக் காணோம்.