சனிக்கிழமைச் சாவி

பல்செட்டுக்காரர் அன்று மெக்கானிக் ஷெட்டுக்குப் போனதே ஒரே ஒரு வார்த்தையைக் கேட்கத்தான். "இனி தேறாது" என்று மெக்கானிக் வாயால் வந்துவிட்டால் போதும், அப்பாவின் பழைய காரை எடைக்குப் போட்டுவிட்டு நிம்மதியாகப் படுக்கலாம். மனுஷர் அந்த அளவுக்கு அலுத்துப் போயிருந்தார்.

ஊரில் எத்தனையோ பேர் வாயில் அவருடைய கைவேலை இருக்கிறது. பல் டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். இவர் வீட்டுப் பின்னறையில் உட்கார்ந்து மாவு குழைத்து, மெழுகில் ஈறு கட்டி, பல்லைப் பதித்து, தேய்த்துப் பளபளப்பாக்கித் திருப்பி அனுப்புவார். குனிந்தே கிடந்ததில் கழுத்து போய்விட்டது, முதுகு போய்விட்டது. போய்த் தொலையாமல் இருந்தது அந்தக் கார் ஒன்றுதான். இந்தக் காலத்தில் அதைக் கிளாசிக் என்கிறார்கள். ரோட்டில் போகிறவன் வருகிறவனெல்லாம் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வான். கொஞ்சம் தள்ளிவிடப்பா என்றால் ஒருத்தனையும் காணக் கிடைக்காது.

அப்பா போகும்போது காரை இரண்டு பிள்ளைகளுக்கும் பொதுவாக விட்டுவிட்டுப் போனார். வீட்டைப் பிரிக்கலாம், பாத்திரத்தைப் பிரிக்கலாம், காரை எப்படிப் பிரிப்பது? ஒரு வாரம் அண்ணனிடம், ஒரு வாரம் தம்பியிடம் என்று ஏற்பாடாயிற்று. சனிக்கிழமை சாயங்காலம் சாவி கை மாறும். கழுவித் துடைத்து, பெட்ரோல் போட்டு, ஒரு குறையும் சொல்லாமல் ஒப்படைக்க வேண்டும். குறை சொல்கிறவனுக்கு வண்டி வைத்துக்கொள்ளத் தெரியவில்லை என்று அர்த்தம். அப்பா போட்ட சட்டம் அது. அண்ணன் லிஃப்ட் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டம் என்றால் அவருக்கு உயிர்.

அண்ணன் தம்பிக்குள் சண்டை என்று எதுவும் கிடையாது. சண்டை போட்டிருந்தாலாவது என்றைக்காவது சமாதானம் ஆகியிருப்பார்கள். பேச்சு அதுபாட்டுக்குத் தேய்ந்துகொண்டே வந்து நாலு சொற்களில் நின்றுவிட்டது. "வண்டி எப்படி?" "நல்லாருக்கு." "சரி." அண்ணி இறந்த பிறகும் அதே கணக்குதான். பிள்ளைகள் வெளியூரில். அண்ணன் தனியாள்.

போன வருடம் அதிலும் ஒரு புதுத் தொல்லை முளைத்தது. "எனக்கு முட்டி வலிக்குது. நீயே கொண்டாந்து விடு, நீயே வந்து எடுத்துட்டுப் போ" என்று அண்ணன் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எந்தச் சனிக்கிழமையும் இவர் வீட்டில் கால் நீட்டியதில்லை. ஒரு வாரம் காரில் போய் பஸ்ஸில் திரும்புவார், மறுவாரம் பஸ்ஸில் போய் காரில் திரும்புவார்.

"அவரு மகாராஜா, நீங்க டிரைவரு. அந்த டப்பாவைத் தலை முழுகுங்கன்னு எத்தனை வாட்டி சொல்றது?" என்பாள் மனைவி. இவருக்குப் பதில் சொல்லவும் தெம்பு இருக்காது. அவள் சொல்வதில் தப்பும் இல்லை.

இந்த வாரம் கார் இவர் முறை. நட்ட நடு ரோட்டில், பட்டப்பகலில், பானட்டுக்குள்ளிருந்து புஸ்ஸென்று ஆவி கிளம்பி வண்டி நின்றுவிட்டது. பின்னால் வந்த பஸ்காரன் ஹாரனிலேயே திட்டினான். இழுவை வண்டியைக் கூப்பிட்டு ஷெட்டில் தள்ளிவிட்டு வந்தார். இதுதான் சாக்கு, இத்தோடு விட்டது சனியன் என்றுதான் மனசு சொன்னது.

ஷெட்டில் ரேடியேட்டரைக் கழற்றி மேஜைமேல் கவிழ்த்து வைத்திருந்தார் மெக்கானிக். தட்டினார். சேறுபோல ஏதோ கட்டிகட்டியாக உதிர்ந்தது.

"சார், யாரு இதுல இவ்வளவு பவுடரைக் கொட்டுனது?"

ஒழுகலை அடைக்கிற பவுடர் அது. இவருக்குத் திருட்டு முழி வந்துவிட்டது. "நான்தான். லேசா ஒழுகுச்சு. அப்பப்போ ஒரு பாக்கெட் போடுவேன்" என்றார். குறை சொல்லாமல் ஒப்படைக்க வேண்டுமே!

"அப்பப்போவா? ஒரு தடவை போட்டா ஓட்டையை அடைக்கும். போட்டுக்கிட்டே இருந்தா தண்ணி போற குழாயையும் சேத்து அடைக்கும். மூச்சு முட்டிச் செத்திருக்கு பாவம். சரி, நீங்க போட்டது என்ன கலரு?"

"சாம்பல்."

"பழுப்புக் கலர்லயும் இருக்கே."

இவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார். மாவு குழைத்தே பிழைக்கிறவருக்கு அது புரிய நேரமாகவில்லை. சாம்பல் ஒரு அடுக்கு, அதன்மேல் பழுப்பு ஒரு அடுக்கு, மறுபடி சாம்பல். ஒரு வாரம் தம்பி, ஒரு வாரம் அண்ணன். இரண்டு பேரும் வாயைத் திறக்காமல் மாற்றி மாற்றிக் கொட்டி, அப்பாவின் காரைக் கொன்றிருக்கிறார்கள்.

"கழுவியெல்லாம் சரிப்படாது. பழைய பித்தளைத் தொட்டியை வெச்சுக்கிட்டு நடுவுல குழாயை மட்டும் புதுசா கட்டலாம், நாளாகும். இல்லேன்னா வேற வண்டியோடதை வாங்கி, முன்பக்கத்தை வெட்டி உக்கார வைக்கலாம், பாக்கச் சகிக்காது. அதுவும் வேணாம்னா எடைக்குப் போடுங்க, நான் தடுக்கல. ஆனா எஞ்சின் கல்லு மாதிரி இருக்கு. அண்ணன் தம்பி ரெண்டு பேரும் கலந்து பேசிச் சொல்லுங்க" என்ற மெக்கானிக், சாவியைத் திருப்பிக் கொடுத்தார். "ரேடியேட்டர் இல்லாத வண்டிக்குச் சாவி எதுக்கு? நீங்களே வெச்சுக்குங்க."

கலந்து பேசுவதாம்! அண்ணன் வீட்டுக்குப் பஸ்ஸில் போகும்போதே இவர் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டார். போதும்ணே. எனக்கும் வயசாச்சு. வித்துடலாம். இதற்கு மேல் ஒரு வார்த்தை பேசக் கூடாது.

ஆயுசு பூராவும் லிஃப்டைப் பரிசோதித்த அண்ணன், லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் இரண்டாம் மாடியில் குடியிருந்தார். கீழே நின்று இவர் குரல் கொடுத்ததும், முட்டிவலிக்காரர் விறுவிறுவென்று படி இறங்கி வந்தார். கை மட்டும் சுவரை விடவில்லை.

"இன்னிக்கு சனிக்கிழமை இல்லையேடா?"

"இல்லே. வேற விஷயம்."

மேலே போனார்கள். அண்ணன் டீ போட்டார். ஊற்றும்போது டம்ளர் விளிம்பில் ஒரு விரலை உள்பக்கமாக மடக்கி வைத்துக்கொண்டார். டீ விரலைத் தொட்டதும் ஊற்றுவதை நிறுத்தினார். சுட்டிருக்கும், ஆனால் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பழகிய கை. இவர் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் வந்த விஷயத்தை ஆரம்பித்தார்.

"அண்ணே, நீ ரேடியேட்டர்ல பவுடர் போட்டியா?"

அண்ணன் டீப் பாத்திரத்தைக் கீழே வைத்தார். "நீ?"

"நானும்தான். அடைச்சு நின்னுபோச்சு. நீ ஏன் சொல்லலே?"

"நீ ஏன் சொல்லலே?"

இரண்டு பேருக்கும் சிரிப்பு வரப் பார்த்தது. வரவில்லை. சிரித்தும் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

"சொன்னா வித்துடலாம்பே. அதான் சொல்லலே" என்றார் அண்ணன்.

அடுக்கி வைத்த வார்த்தைகள் இவர் நாக்கு நுனியில்தான் இருந்தன. அதற்குள் அண்ணன் டம்ளரை நீட்டினார். இவர் உட்கார்ந்திருந்த இடத்துக்கு ஒரு சாண் தள்ளி நீட்டினார்.

"அண்ணே, கண்ணுக்கு என்ன?"

"நடுவுல கொஞ்சம் தெரியுது. ஓரமெல்லாம் போயிடுச்சு. வண்டியைத் தொடவே கூடாதுன்னு டாக்டர் போன வருஷமே சொல்லிட்டாரு. முட்டியெல்லாம் ஒண்ணுமில்லடா, நல்லாத்தான் இருக்கு."

"அப்போ இத்தனை நாளா காரு?"

"கீழே நிக்கும். காலையில இறங்கிக் கழுவுவேன். கொஞ்ச நேரம் ஸ்டார்ட் பண்ணி வெப்பேன். அடியில ஈரம் தட்டுதான்னு கையால தடவிப் பாப்பேன். தட்டுச்சுன்னா பவுடர்."

"ஓட்டாத வண்டி உனக்கு எதுக்குண்ணே? ஒரு வருஷமா என்னை நாயா அலைய விட்டியே!"

"வண்டி வந்தாத்தானேடா நீ வருவே."

அப்படியெல்லாம் இல்லைண்ணே என்று இவர் சொன்னால் அது பொய். காரை எடைக்குப் போட்ட அடுத்த சனிக்கிழமை எப்படி இருந்திருக்கும் என்று அவருக்கே நன்றாகத் தெரியும். காலை நீட்டிப் படுத்திருப்பார். அதற்கடுத்த சனிக்கிழமையும் படுத்திருப்பார். அண்ணன் ஞாபகம் வரும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று புரண்டு படுப்பார். தன் அலுப்பு எப்பேர்ப்பட்டது என்று அவருக்குத் தெரியாதா? வெட்கமாக இருந்தது.

போனை எடுத்து மெக்கானிக்கைக் கூப்பிட்டார். "பழைய தொட்டியை வெச்சே கட்டிடுங்க" என்றார். சொல்லும்போதும் குரலில் அலுப்புதான் இருந்தது. மனைவியிடம் வாங்கப்போகிற பேச்சு வேறு காதில் கேட்டது.

"ஆள் தேடிப் பிடிக்கணும் சார். ஒரு மாசம்கூட ஆகலாம்" என்றது போன்.

அண்ணனுக்கும் அது கேட்டிருந்தது. காலி டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

"ஒரு மாசமா? அப்போ சனிக்கிழமை?"

"பஸ்ல வர்றேண்ணே."

அண்ணன் அதை யோசித்தார். சட்டம் தெரிந்தவர், சும்மா வருவதை அவரால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

"வர்றப்போ சாவியை எடுத்துட்டு வா" என்றார். "அடுத்த வாரம் என் வாரம்."