சோழவரத்துக்காரரின் பணம்

குடிக்காதவனிடம்தான் பணத்தைக் கொடுத்து வைப்பார்கள். அப்பாவின் படைப்பிரிவில் அது வழக்கம். எல்லையில் சண்டை மூண்டு மலைக்கு ஏறும் உத்தரவு வந்ததும், எங்கள் பக்கத்து ஆட்கள் கையிலிருந்ததை ஆளுக்கொரு கைக்குட்டையில் முடிந்து அப்பாவின் இரும்புப் பெட்டியில் போட்டார்கள். அவர்களில் சோழவரத்துக்காரர் ஒருவர் போட்டதுதான் அதிகம், வீடு கட்டச் சேர்த்தது. அடிவாரத்தில் குண்டு விழுந்து சாமான் கூடாரம் எரிந்தபோது பெட்டியும் போயிற்று. சில நாளில் மலைமேல் நடந்த சண்டையில் அவரும் போய்விட்டார்.

உடலோடு ஊருக்கு வந்தவர் என் அப்பா. இறந்தவரின் பொருட்களை வீட்டில் ஒப்படைப்பதும் கூட வருகிறவரின் பொறுப்பு. ஒப்படைக்க ஒன்றுமே இல்லை. கைக்குழந்தையோடு நிற்கும் பெண்ணிடம் வெறுங்கையோடு எப்படிப் போவது என்று, தன் சம்பளத்தையே ஒரு கைக்குட்டையில் முடிந்து, “உன் வூட்டுக்காரன் சேத்து வச்சதும்மா” என்று கொடுத்துவிட்டார். நல்ல மனசு, கூறுகெட்ட வேலை. அந்த மாதம் எங்கள் வீடு கடனில் ஓடியது. அம்மா சொல்லித்தான் எனக்கே தெரியும்.

போரில் தொலைந்த பணத்துக்கு மனுப் போடலாம் என்று பிறகு தெரிந்தது. உயிரோடு திரும்பியவர்கள் போட்டு வாங்கிக்கொண்டார்கள். சோழவரத்துக்காரருக்காக அவர் மனைவி கையெழுத்திட வேண்டும். பெட்டியிலிருந்த பணம் முழுவதும் எரிந்துவிட்டது என்று மனுவில் இருக்கும். அப்பா சாட்சி.

அந்த அம்மா மறுத்துவிட்டார். “எல்லாம் எரிஞ்சி பூட்ச்சுன்னா, எனக்குக் குட்த்தியே, அது மட்டும் எப்பிடிணா வந்துச்சு? மிச்சத்த நீ வச்சிக்கினு என்னாண்ட கையெழுத்து கேக்கிறியா?”

தெருவே கேட்டது. அப்போதும் அப்பா உண்மையைச் சொல்லவில்லை. கொடுத்ததைச் சொல்லிக் காட்டக் கூடாதாம்.

ஓய்வு பெற்று வந்து கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியாகச் சேர்ந்தார். ஷிப்டு முடிந்து போகிறவர்களின் பையைச் சோதிக்கிற வேலை. கம்பெனிக்கு நம்பிக்கையான ஆள், சோழவரத்தில் மட்டும் செத்தவன் பணத்தைத் தின்றவர். பண்டிகை தவறாமல் போய் அந்த வீட்டு வாசலில் நின்று, “கையெழுத்து போடும்மா, உனக்கு வரவேண்டியது” என்பார். கதவு திறக்காது. இவருக்கு ஏன் இந்தத் தலைவிதி என்று நான் அழுதிருக்கிறேன்.

இந்த வருடம் அந்த அம்மாவே ஆள் அனுப்பினார். மகளுக்குக் கல்யாணம் கூடிவிட்டது, பணம் வேண்டும். திருவள்ளூர் அலுவலகத்துக்கு மகளோடு வந்து கையெழுத்திட்டார். துணைக்கு நானும் போயிருந்தேன். வெளியே வந்ததும் அப்பாவிடம் சொன்னார், “நம்பிப் போடலணா. கல்யாணச் செலவு கீது, அதான்.”

“சரிம்மா” என்றார் அப்பா.

எனக்குப் பொறுக்கவில்லை. “அத்த, அன்னிக்குக் குட்த்தது எங்கப்பா சம்பளம். உங்க வூட்டுக்காரர் துட்டு ஒரு ரூபா கூட மிஞ்சல” என்று போட்டு உடைத்துவிட்டேன்.

அந்த அம்மாவின் முகம் வெளிறிவிட்டது. மகளைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். “அந்தத் துட்லதான் இவளுக்குக் கம்மல் வாங்கினேன். உங்க நைனா போட்டதுன்னு சொல்லிச் சொல்லித்தான் வளத்தேன். உம் பொண்ணு இன்னா சொல்லுது? நெசமாணா?”

அந்தப் பெண் ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறந்தது முதல் தகப்பன் முகம் பார்க்காதவள்.

“இல்லம்மா” என்றார் அப்பா. “அது அவன் துட்டுதான். என் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது.”

“அப்ப மிச்சம் எங்கணா?”

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அந்த அம்மா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார்.

மனுப் பணம் அவர் கணக்கில் ஏறிவிட்டது என்று அலுவலகத்தில் சொன்னார்கள். கல்யாணமும் முடிந்துவிட்டது. எங்களுக்குப் பத்திரிகை வரவில்லை.