விளக்கு எரிந்தது, சத்தம் வரவில்லை

போன வருட மழைக்காலத்தில், பெங்களூரு தொம்மலூரில் இருக்கும் எங்கள் வீட்டில் நடந்தது இது. ஒரு வியாழக்கிழமை மாலை ஆரம்பித்து ஞாயிற்றுக்கிழமை மாலை முடிந்தது. இத்தனைக்கும் சண்டை ஒரு தீப்பெட்டி அளவு கருவியோடுதான்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக பெங்களூரில் இருக்கிறது. பள்ளியில் கன்னடம்தான் படித்தேன். தமிழ் வாசிக்க அம்மா வீட்டில் கற்றுக்கொடுத்தார். இப்போது வைட்ஃபீல்டில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. மற்றவர்கள் எழுதிய மென்பொருளில் எங்கே தப்பு இருக்கிறது என்று சோதித்துக் கண்டுபிடிப்பதுதான் இருபத்திரண்டு வருடமாக என் பிழைப்பு. அந்தக் கர்வம் எனக்குக் கொஞ்சம் உண்டு. இந்தக் கதைக்கு அது முக்கியம்.

அதற்கு முந்தைய வருடம் என் மனைவிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. பார்வையில்லாத ஒரு பெண்மணி அஞ்சல்வழியில் எம்.ஏ. தமிழ் படிக்கிறார், பாடங்களை வாசித்துப் பதிவு செய்து தர யாராவது வேண்டும் என்று. "நீங்கதான் சத்தமா பேப்பர் படிக்கிறவராச்சே, இதைப் படிங்களேன்" என்றாள் மனைவி. அப்படித்தான் அவர் எனக்குப் பழக்கமானார். அல்சூரில் வீடு, நாற்பதை ஒட்டிய வயது, ஓர் அரசு அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டர். பத்தொன்பது வயதில் ஒரு காய்ச்சலில் பார்வை போய்விட்டதாம். அதற்குப் பிறகுதான் வேலைக்கும் சேர்ந்து, பி.ஏ.வும் முடித்திருக்கிறார்.

கம்ப்யூட்டரே படித்துச் சொல்லுமே, மனிதர் எதற்கு என்று நானும் ஆரம்பத்தில் கேட்டேன். சாதாரணப் பாடங்களைக் கம்ப்யூட்டர் படித்துவிடும். ஆனால் யாப்பிலக்கணத்தை அது படிப்பதைக் கேட்க வேண்டும். சீர் எங்கே முடிகிறது, அடி எங்கே முடிகிறது என்பதே தெரியாமல், பஸ் ஸ்டாப் பெயர் அறிவிப்பது போல ஒரே மூச்சில் செய்யுளைச் சொல்லிக்கொண்டு போகும். அவருக்குச் சீர் பிரித்து வாசிக்கும் குரல் தேவைப்பட்டது.

முதலில் செல்போனில்தான் பதிவு செய்து அனுப்பினேன். எங்கள் வீடு மெயின் ரோட்டை ஒட்டியது. ஹாரன் சத்தத்துக்கு நடுவில் என் குரல். அவர் எதையும் இரண்டு மடங்கு வேகத்தில்தான் கேட்பார். அந்த வேகத்தில் நான் சொன்ன ழகரமும் ளகரமும் ஒன்றாகக் கேட்டு, ஒரு தேர்வில் தப்பாக எழுதிவிட்டார். குறையாக இல்லாமல், சாதாரணமாகத்தான் அதைச் சொன்னார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. ஒரு நல்ல மைக்கும், அதைக் கம்ப்யூட்டரோடு இணைக்க ஒரு யு.எஸ்.பி. ஆடியோ கன்வெர்ட்டரும் வாங்கினேன். மைக்கில் பேசுவதைக் கம்ப்யூட்டருக்குப் புரிகிற மாதிரி மாற்றித் தரும் சின்னப் பெட்டி அது. ஒரு பக்கம் மைக், இன்னொரு பக்கம் கம்ப்யூட்டருக்குப் போகும் ஒயர், மேலே ஒரு பச்சை விளக்கு. அதன் பிறகு அவர் எந்தக் குறையும் சொல்லவில்லை.

யாப்பிலக்கணத் தாளில் ஐந்து பாடங்கள். மூன்றை அனுப்பியிருந்தேன். நான்காவதை அதற்கு முந்தைய ஞாயிறன்று இரண்டு மணி நேரம் வாசித்துப் பதிவு செய்து, தடுமாறிய இடங்களை வெட்டிவிட்டு அனுப்பலாம் என்று கம்ப்யூட்டரில் வைத்திருந்தேன். ஐந்தாவது பாக்கி. அடுத்த செவ்வாய்க்கிழமை தேர்வு.

வியாழன் மாலை ஐந்தாவது பாடத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கன்வெர்ட்டரைச் செருகினேன். பச்சை விளக்கு எரிந்தது. ஆனால் கம்ப்யூட்டரில் அப்படி ஒரு பொருள் இருப்பதாகவே காட்டவில்லை. கழற்றி மாட்டினேன். வேறு துளையில் செருகினேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. டிரைவர் எனப்படும் மென்பொருளைத் தேடி எடுத்து மறுபடி நிறுவினேன். இணையத்தில் யார் யாரோ சொன்ன யோசனைகளை எல்லாம் ஒன்று விடாமல் செய்தேன். சாப்பிடக் கூப்பிட்ட மனைவியிடம் "இதோ ஆச்சு" என்று மூன்று முறை சொன்னேன். விடக்கூடாது என்ற வெறி வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை மதியம் அவர் போன் செய்தார். "சார், ரெக்கார்டிங் எப்படிப் போகுது?"

"ஆயிட்டே இருக்கு மேடம். நாளைக்கு அனுப்பிடறேன்."

பொய் என்று நான் அப்போது நினைக்கவில்லை. எப்படியும் இன்றைக்குச் சரியாகிவிடும், அவரை எதற்கு வீணாகக் கலவரப்படுத்த வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

அரை நாள் லீவு போட்டு, கன்வெர்ட்டரை எடுத்துக்கொண்டு எஸ்.பி. ரோடுக்குப் போனேன். கம்ப்யூட்டர் சாமான் கடைகள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் தெரு. மழையில் நனைந்தபடி ஒரு கடையில் ஏறினேன். கடைக்காரர் "ஏனாய்த்து சார்?" என்று, அதாவது என்ன ஆச்சு என்று, கன்னடத்தில் ஆரம்பித்து, என் பேச்சைக் கேட்டதும் தமிழுக்கு மாறிவிட்டார். தன் ஒயரைப் போட்டுத் தன் கம்ப்யூட்டரில் செருகினார். உடனே வேலை செய்தது.

"பீஸ் நல்லா இருக்கு சார். உங்க ஒயர் கொண்டு வந்தீங்களா?"

"ஒயரெல்லாம் நல்லாத்தான் இருக்கு. லைட் எரியுதே" என்றேன்.

என் குரலில் இருந்த அலட்சியத்தை அவர் கவனித்திருப்பார். "அப்போ கம்ப்யூட்டர்லதான் ஏதோ சார்" என்று பெட்டியைத் திருப்பித் தந்துவிட்டார்.

கருவியில் தப்பில்லை. ஆகவே தப்பு கம்ப்யூட்டரில். சனிக்கிழமை காலை ஒரு முடிவுக்கு வந்தேன். கம்ப்யூட்டரில் இருப்பதை முழுக்க அழித்துவிட்டு எல்லா மென்பொருளையும் புதிதாகப் போடுவது. போட்டோக்கள், அலுவலக ஃபைல்கள், மகளின் பாடங்கள் எல்லாவற்றையும் கவனமாக வேறு இடத்தில் நகல் எடுத்தேன். இந்த மாதிரி விஷயத்தில் நான் ரொம்பக் கறாரான ஆள். காலை உட்கார்ந்தவன் மதியம் இரண்டு மணிக்கு வேலையை முடித்தேன். கன்வெர்ட்டரைச் செருகினேன். பச்சை விளக்கு எரிந்தது. கம்ப்யூட்டரில் ஒன்றும் வரவில்லை.

அப்போதுதான் நான்காவது பாடம் நினைவுக்கு வந்தது. பதிவு செய்யும் மென்பொருள் தன் ஃபைல்களைத் தனியாக ஒரு ஃபோல்டரில் வைத்துக்கொள்ளும். அதை நான் நகல் எடுக்கவில்லை. இரண்டு மணி நேர வாசிப்பு போய்விட்டது. அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மனைவி வந்து பார்த்துவிட்டு, "முதல்ல அவங்களுக்குப் போன் பண்ணிச் சொல்லுங்க" என்றாள். இரண்டு நாளாக அவள் சொல்லிக்கொண்டிருந்ததும் அதைத்தான்.

போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"நாலாவது முழுசா போயிடுச்சா சார்?"

"முழுசா போயிடுச்சு மேடம்."

"வியாழக்கிழமையே இது வேலை செய்யலையா?"

"ஆமா."

"நேத்து நான் கேட்டப்போ ஆயிட்டே இருக்குன்னீங்களே."

அவர் கோபப்பட்டிருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேன். அவர் கோபப்படவில்லை. ஒரு பெருமூச்சு மட்டும் கேட்டது. பிறகு, "இப்போ கம்ப்யூட்டர் பக்கத்துல இருக்கீங்களா?" என்றார்.

"இருக்கேன்."

"ஸ்பீக்கர் சத்தத்தைக் கூட்டி வையுங்க. போனை அதுக்குப் பக்கத்துல வெச்சுட்டு, மவுஸைக் கழட்டி மாட்டுங்க."

எதற்கு என்று புரியாமலே செய்தேன். மவுஸைக் கழற்றியபோது ஒரு சத்தம், மாட்டியபோது 'டு-டும்' என்று இன்னொரு சத்தம். கம்ப்யூட்டரில் எதையாவது இணைத்தால் வருகிற சத்தம்தான். நான் பதிவில் விழக்கூடாது என்று அதை எப்போதோ நிறுத்திவைத்திருந்தேன். எல்லாவற்றையும் புதிதாகப் போட்டதில் அது திரும்பி வந்திருந்தது.

"இப்போ கன்வெர்ட்டரை மாட்டுங்க."

மாட்டினேன்.

"மாட்டுங்க சார்."

"மாட்டிட்டேன் மேடம். லைட் எரியுது."

"லைட் எனக்குத் தெரியாது சார். சத்தம் வரலையே. ஏதோ ஒண்ணு வந்திருக்குன்னுகூட கம்ப்யூட்டருக்குத் தெரியல. தெரிஞ்சு, அது என்னன்னு புரியலைன்னாக்கூட ஒரு சத்தம் வரும். ஒயரை மாத்துங்க."

ஒயரில்தான் கரண்ட் போகிறதே என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. நல்லவேளை, சொல்லவில்லை. அவரே தொடர்ந்தார். "எங்க ஆபீஸ்ல எனக்கு ஒரு ரெக்கார்டர் கொடுத்தாங்க. சார்ஜ் ஏறும், ஆனா கம்ப்யூட்டர்ல வராது. மூணு நாள் ரெண்டு டெக்னீஷியன் வந்து பார்த்தாங்க. கடைசில பார்த்தா அது வெறும் சார்ஜ் ஒயர். கரண்ட் மட்டும்தான் போகும், வேற எதுவும் போகாது. உங்க ஒயர் கன்வெர்ட்டரோட வந்ததுதானா?"

ஒயரைக் கையில் எடுத்துப் பார்த்தேன். கறுப்பு ஒயர். கன்வெர்ட்டரோடு வந்ததும் கறுப்புதான். ஆனால் இது கொஞ்சம் மெலிதாக இருந்தது. புதன்கிழமை மேஜையை ஒழுங்குபடுத்தியது நான்தான். சார்ஜ் செய்கிற கை ஃபேன் ஒன்று வீட்டில் உண்டு. அதன் ஒயரும் கன்வெர்ட்டரின் ஒயரும் அன்றைக்கு ஒன்றாகக் கிடந்தன. சமையலறை மேடையில் இருந்த ஃபேனில் போய்ப் பார்த்தேன். கன்வெர்ட்டரின் ஒயர் அங்கே சொருகி இருந்தது.

அதைக் கொண்டுவந்து மாட்டினேன். 'டு-டும்'. நான் திரையைப் பார்ப்பதற்குள் போனில் அவர் குரல் கேட்டுவிட்டது. "வந்திருச்சு சார்."

இருபத்திரண்டு வருடமாகத் தப்புக் கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியவன் நான். வேலை செய்கிற ஒன்றை மாட்டிப் பார், பிறகு வேலை செய்யாததை மாட்டிப் பார், இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று பார். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாள் நான் சொல்லிக்கொடுப்பது அதுதான். அதைத்தான் அவர் போனில் இரண்டு நிமிடத்தில் செய்து முடித்தார்.

"மேடம், உங்களுக்கு இவ்வளவு கம்ப்யூட்டர் தெரியும்னு..." என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

"தினம் எட்டு மணி நேரம் அதோடதான் சார் இருக்கேன்" என்றார். பிறகு உடனே வேலைக்கு வந்துவிட்டார். "இன்னிக்கு நாலாவது, நாளைக்கு அஞ்சாவது. முடியுமா? முன்னுரை வேண்டாம், பயிற்சி வினா வேண்டாம். எடுத்துக்காட்டுச் செய்யுளை மட்டும் ரெண்டு தடவை படிங்க. தப்பு வந்தா நிறுத்தாதீங்க, 'மறுபடி'ன்னு சொல்லிட்டுத் திரும்பப் படிங்க. வெட்டி ஒட்டல்லாம் வேண்டாம், அப்படியே அனுப்புங்க. நான் பார்த்துக்கறேன்."

மூன்று மணிக்கு ஆரம்பித்தேன். அரை மணியில் மழை பிடித்துக்கொண்டது. பால்கனியின் தகரக் கூரையில் மழை விழுந்தால் வீட்டுக்குள் பேசுவதே கேட்காது. நின்றுவிடும் என்று காத்திருக்க நேரமில்லை. உள் அறை பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே நாற்காலியைப் போட்டேன். மனைவி இரண்டு கம்பளிகளை பீரோ கதவிலும் ஜன்னல் கம்பியிலும் கட்டித் தொங்கவிட்டாள். உள்ளே நான், மைக், புத்தகம், ஒரு டார்ச். வியர்வை கொட்டியது. நேர் நேர், நிரை நேர் என்று வாசித்துக்கொண்டே போனேன். நாக்கு புரளாத இடங்களில் 'மறுபடி' என்று சொல்லிவிட்டுத் திரும்ப வாசித்தேன். இருட்டும் நேரத்தில் நான்காவது பாடம் அவர் போனுக்குப் போய்விட்டது. இரண்டு மடங்கு வேகத்தில் கேட்டுவிட்டு ஒரு வரி எழுதியிருந்தார்: பன்னிரண்டாம் நிமிடத்தில் ஓர் அடியை விட்டுவிட்டீர்கள். அதை மட்டும் வாசித்து அனுப்பினேன். ஞாயிறு காலை எட்டு மணிக்கு ஐந்தாவதை ஆரம்பித்தேன். தொண்டை கட்டி, வெந்நீர் குடித்துக் குடித்து மாலை நாலு மணிக்கு முடித்தேன். மனைவி கம்பளிகளைக் கழற்றினாள். திங்கட்கிழமை அவர் லீவு போட்டு நாள் முழுக்க அதையே கேட்டிருக்கிறார்.

செவ்வாய் மாலை அவரே போன் செய்தார். சொல்லச் சொல்ல எழுதுவதற்கு வந்தவர் நிதானமாக எழுதினாராம், நேரம் போதுமானதாக இருந்ததாம்.

"நாலாவது, அஞ்சாவது எப்படி வந்தது மேடம்?"

"நாலாவதுல ஒரு கேள்வி வந்தது சார். அஞ்சாவதுல ஒண்ணுமே கேட்கல."

அவர் சிரித்துவிட்டார். "கேட்கலைன்னா என்ன சார். எனக்கு அந்தப் பாடம் வேணும், தெரிஞ்சுக்கிட்டேன்."

அந்தத் தாளில் அவர் தேறிவிட்டார். இப்போது கடைசி வருடப் பாடங்களை வாசித்துக்கொண்டிருக்கிறேன். எது தடைபட்டாலும் அன்றைக்கே அவரிடம் சொல்லிவிடுகிறேன். நாலில் ஒரு தடவையாவது வழி அவரிடமிருந்துதான் வருகிறது. மற்ற சமயங்களில், "சரி, அப்போ நான் வேற பாடம் பார்த்துக்கறேன்" என்று தன் நாளை அவரே மாற்றி அமைத்துக்கொள்கிறார்.

அழிந்துபோன பதிவை மறுபடி வாசித்துவிட்டேன், அந்த வருத்தம் போய்விட்டது. ஆனால் தேர்வு எழுதப்போகிறவர் அவர், காத்திருந்தவர் அவர், அப்படியிருந்தும் அந்த மூன்று நாளில் கடைக்காரர் வரைக்கும் போய் விசாரித்த எனக்கு அவரிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையே என்பது இன்றைக்கும், மைக் முன்னால் உட்காரும் ஒவ்வொரு முறையும், என்னை உறுத்தத்தான் செய்கிறது.