தேய்ந்த பல்லின் அளவு

மகன் தனுஷனின் வேலையைப் பற்றிக் காளியாயி எல்லோரிடமும் சொல்வாள். தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்திலும் அக்கரப்பத்தனை பஸ்ஸிலும் அவளுக்கு அதே கதைதான்.

"ஆர்மி மெஷின்ல சாமான் ஒடஞ்சா இனி வெளிநாட்டுல வாங்கத் தேவையில்ல. எம்மவன் பாத்து அதே மாதிரி செஞ்சிருவான். ஒண்ணு வாங்குற காசுக்குப் பத்து!"

"எங்க வூட்டுக்காரருக்கும் மாத்து ஒண்ணு செய்யச் சொல்லுக்கா" என்பாள் பக்கத்து லயக் காம்பராவில் குடியிருக்கும் நாகலெட்சுமி.

"ஒண்ண வச்சே நீ படுறபாடு போதாதா? பத்து வந்து சேரும்டி!"

புருஷன் போனபின் தனியாளாய்க் கொழுந்தெடுத்து அவனைப் படிக்க வைத்தவள். பேச உரிமை இருந்தது.

மண் அள்ளும் இயந்திரத்தின் பம்பை எஞ்சினோடு இணைக்கும் பல் வளையத்தைக் தான் வேலை பார்க்கும் கொழும்புப் பட்டறையில் தனுஷன்தான் நகலெடுத்தான். மாதிரிக்கு வந்தது ஓடித் தேய்ந்த வளையம். புதியது ஒன்றை வாங்கி ஒப்பிட்டிருக்கலாம். அது செலவு. தேய்ந்த பல்லையே அளந்து வரைந்தான். காசை மிச்சம் பிடித்ததற்குப் பட்டறையில் கைதட்டினார்கள்.

கார்த்திகை மழையில் மண் சரிந்து தோட்டத்துப் பாதை அடைபட்டது. அன்றுதான் காளியாயிக்கு மூச்சு முட்டியது. அதே லயத்துச் சோலைமலை ஆட்களோடு வந்து, அவளை உட்கார வைத்துத் தூக்க ஒரு கதிரை கொண்டுவந்தார்.

"ஏறுங்கக்கா, குறுக்கால ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருவோம்."

"எதுக்குய்யா மழையில நனையிறீங்க? கீழ மண்ணள்ளுற ஆர்மி பெக்கோ வந்திருச்சி. எம்மவன் சாமான் போட்டது. இப்பத் தொறந்துரும் பாருங்க."

காத்திருந்தார்கள். பாதி மண்ணோடு இயந்திரம் நின்றது. எஞ்சின் ஓடியது, மண் அள்ளும் கை எழவில்லை. பிறகுதான் அவளைத் தூக்கினார்கள். வழியிலேயே உயிர் போய்விட்டது.

மறுநாள் தனுஷன் சரிவைத் தாண்டி நடந்து வந்தபோது, கழற்றிய வளையம் இயந்திரத்தின் மேல் கிடந்தது. அளவு குறைந்த பற்கள் கவ்வாமல் உராய்ந்து மழுங்கியிருந்தன. ஓரத்தில் அவன் பட்டறையின் முத்திரை.

வீட்டு வாசலில் சோலைமலை அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"நாந்தான்டா பாவி. அக்கா சொன்னதக் கேக்காமத் தூக்கியிருக்கணும்."

தலையாட்டிவிட்டு உள்ளே போயிருக்கலாம். அவனால் முடியவில்லை.

"இல்ல மாமா. அந்த சாமானத் தப்பா செஞ்சது நான்."

சோலைமலை கையை விடவில்லை. உள்ளே எட்டிப் பார்த்துக் குரலைத் தணித்தார்.

"மெல்லப் பேசுடா. எழவுக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் நாகலெட்சுமி உங்கம்மா மாதிரியே உன் சாமானப் பத்தித்தான் பெருமையா சொல்லிக்கிட்டிருக்கு."